எலிக்காய்ச்சலில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி இது: நாற்று நடவு முடித்து வந்த 34 வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் இல்லை என்று வந்தது. ஆறாம் நாள் கண் மஞ்சளாகிச் சிறுநீரும் குறைந்துவிட, பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. இரண்டு முறை டயாலிசிஸ் செய்த பிறகு பிழைத்துக்கொண்டார். முதல் பரிசோதனை தவறா, மருந்தை முன்பே தொடங்கியிருக்கலாமா, வீட்டிலுள்ள மற்றவர்களும் மாத்திரை சாப்பிட வேண்டுமா என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

முதல் பரிசோதனை தவறாகச் செய்யப்பட்டது என்று எண்ண வேண்டாம். மூன்றாம் நாளில் அந்தச் சோதனையால் காட்டக்கூடியது அவ்வளவுதான். மருந்தை முன்பே தொடங்கியிருக்கலாமா என்றால், ஆம், தொடங்கியிருக்கலாம், தொடங்கியிருக்கவும் வேண்டும். இதை யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. எலிக்காய்ச்சலைப் பொறுத்தவரை பரிசோதனைச் சீட்டைவிட நோயாளியின் காலும் கண்ணும் அவர் நின்று வேலை செய்த தண்ணீரும் முன்கூட்டியே பேசிவிடுகின்றன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லெப்டோஸ்பைரா என்னும் இந்தக் கிருமி, திருகுச்சுருள் போன்ற மெல்லிய உடலும் கொக்கிபோல் வளைந்த முனைகளும் கொண்டது. எலி, பெருச்சாளி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரக நுண்குழாய்களில் அது குடியிருக்கும். குறிப்பாக எலிக்கு அதனால் நோய் எதுவும் வருவதில்லை. மாதக்கணக்கில் சிறுநீரோடு கிருமியைக் கழித்துக்கொண்டு அது சுகமாக ஓடித் திரியும். அந்தச் சிறுநீர் கலந்த வயல் நீரிலும் வெள்ளத்திலும் ஈரச் சேற்றிலும் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடும். நடவு வேலையில் நாள் முழுக்க ஊறி வெளுத்த பாதம், விரலிடுக்கில் சேற்றுப்புண், அரிவாள் கீறிய விரல், தண்ணீர் தெறித்த கண் இவையே அது உடலுக்குள் நுழையும் வாசல்கள். எலி கடித்தால்தான் எலிக்காய்ச்சல் வரும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. "எலி எதுவும் கடிக்கலைங்க" என்று நோயாளி சொன்னதும் விசாரணையை அங்கேயே நிறுத்திவிடும் மருத்துவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நுழைந்த நாளிலிருந்து காய்ச்சல் தொடங்குவதற்குப் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள் ஆகும். சிலருக்கு ஒரு மாதம் வரைகூட ஆகலாம். ஆகவே, "நேற்று என்ன வேலை செய்தீர்கள்" என்று கேட்பதில் பயனில்லை. "சென்ற மாதம் எங்கே தண்ணீரில் நின்றீர்கள், எந்தத் தொழுவத்தைக் கழுவினீர்கள், எந்தச் சாக்கடையில் இறங்கினீர்கள்" என்றுதான் கேட்க வேண்டும்.

காய்ச்சலின் முதல் வாரத்தில் கிருமி ரத்தத்தில் இருக்கிறது. உடல் அதற்கு எதிரான புரதங்களை அப்போதுதான் உண்டாக்கத் தொடங்குகிறது. நம் ஊர்களில் பரவலாகச் செய்யப்படும் ஐ.ஜி.எம். எலைசா சோதனையும் பத்து நிமிடத்தில் கோடு காட்டும் அட்டைச் சோதனையும் தேடுவது கிருமியை அன்று, அந்த எதிர்ப்புரதத்தைத்தான். அது ரத்தத்தில் தெரியும் அளவுக்கு வளர ஐந்து முதல் ஏழு நாட்கள் தேவை. மூன்றாம் நாளில் ரத்தம் எடுத்தால் இல்லை என்று வருவது இயல்பு. ஐந்தாறு நாட்கள் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும். முதல் வாரத்திலேயே கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கப் பி.சி.ஆர். சோதனை உதவும். ஆனால் அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஒரு வாரம் கடந்தபின் ரத்தத்தில் கிருமி குறைந்துவிடுவதால் அதன் பயனும் குறைந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அதன் விடை வரும்போது நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது இருக்கமாட்டார். உயிருள்ள லெப்டோஸ்பைராக்களை நோயாளியின் ரத்தநீரோடு கலந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா என்று இருள்புல நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் இன்றும் அளவுகோலாக மதிக்கப்படும் சோதனை. அதற்கும் இடைவெளி விட்டு எடுத்த இரண்டு மாதிரிகளில் அளவு நான்கு மடங்கு உயர வேண்டும். நோயை உறுதிசெய்யவும் ஊரில் எந்த வகைக் கிருமி உலவுகிறது என்று அறியவும் அது உகந்தது. இன்று இரவு எந்த ஊசி போடுவது என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஐ.ஜி.எம். ஒருமுறை தோன்றினால் மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆண்டுதோறும் சேற்றில் நிற்கும் ஒருவருக்கு அது இருக்கிறது என்று வந்தால், இன்றைய காய்ச்சலுக்கு அதுவே காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. வைடால் சோதனையில் சிறு உயர்வைக் கண்டதும் டைஃபாய்டு என்று எழுதிவிடும் நம் பழக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எத்தனையோ எலிக்காய்ச்சல்கள் அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒளிந்துபோகின்றன.

வேறு பெயருக்குப் பின்னால் ஒளிவது இந்த நோய்க்குப் புதிதன்று. காய்ச்சல், மஞ்சள்காமாலை, சிறுநீரகப் பாதிப்பு மூன்றும் சேர்ந்த நோயை ஜெர்மனியின் அடால்ஃப் வைல் 1886-இல் விவரித்தார். கடுமையான வகை இன்றும் வைல் நோய் என்றே அவர் பெயரால் அறியப்படுகிறது. மஞ்சள் காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் திசுவில் அமெரிக்காவின் ஸ்டிம்சன் 1907-இல் இந்தக் கிருமியைக் கண்டார். கேள்விக்குறிபோல் வளைந்திருந்ததால் இன்டெரோகன்ஸ் என்று பெயரிட்டார். அதுதான் நோய்க்குக் காரணம் என்று நிறுவியவர்கள் ஜப்பானின் இனாடாவும் இடோவும், அது 1915-இல். அந்தமானில் 1980-களின் இறுதியில் அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று அழைக்கப்பட்ட நோயும் பின்னர் லெப்டோஸ்பைரா என்றே தெரியவந்தது. 2024 நவம்பர் இறுதி வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் சிலர் அடுத்தடுத்துக் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக இறந்தபோது, இனந்தெரியாத காய்ச்சல் என்ற பேச்சுதான் முதலில் பரவியது. ஆய்வில் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இந்நோய் வருவதாகவும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாகவும் 2015-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது.

அப்படியானால் மூன்றாம் நாளில் எதை வைத்து முடிவு செய்வது? நடைமுறையில் நான் செய்வதைச் சொல்கிறேன். நோயாளியைப் படுக்கவைத்து, இரண்டு கெண்டைக்கால்களையும் விரல்களால் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் உடம்பு வலிக்கும். ஆனால் எலிக்காய்ச்சலில் கெண்டைக்காலைத் தொட்டதும் பலர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். கழிப்பறைக்கு நடக்கவே முடியவில்லை என்பார்கள். பிறகு கண்ணைப் பார்ப்பேன். வெண்படலம் முழுதும் சிவந்து, ரத்த நாளங்கள் புடைத்துத் தெரியும். ஆனால் பீளை இருக்காது, இமை ஒட்டாது, கண் உறுத்துவதாகவும் சொல்லமாட்டார்கள். அந்தச் சிவப்பின் மேல் மஞ்சளும் ஏறும்போது கண் ஒருவகை ஆரஞ்சு நிறமாகும். ஒருமுறை பார்த்தவர் அதை மறக்கமாட்டார். நெற்றியும் கண்ணின் பின்புறமும் பிளப்பதுபோன்ற தலைவலி பெரும்பாலும் உடன் இருக்கும். இந்த மூன்றோடு சேற்றிலோ வெள்ளத்திலோ தொழுவத்திலோ வேலை செய்த வரலாறும் இருந்தால், சீட்டில் என்ன வந்தாலும் மருந்தைத் தொடங்க எனக்கு அதுவே போதும்.

எந்த ஊரிலும் கிடைக்கும் எளிய ரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்துப் படித்தால் படம் இன்னும் தெளியும். டெங்குவில் வெள்ளணுக்கள் குறையும். எலிக்காய்ச்சலில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தாலும் வெள்ளணுக்கள், அவற்றிலும் நியூட்ரோஃபில்கள், பெரும்பாலும் கூடியிருக்கும். வைரஸ் கல்லீரல் அழற்சியில் கல்லீரல் நொதிகள் ஆயிரங்களில் ஏறும். இதில் மஞ்சள் நிறமியான பிலிருபின் 15, 20 என்று எகிறினாலும் நொதிகள் பெரும்பாலும் 200-ஐ ஒட்டியே நிற்கும். அங்கே கண் மஞ்சளாகும்போது காய்ச்சல் பொதுவாகத் தணிந்துவிடும். இங்கே மஞ்சளும் காய்ச்சலும் ஒன்றாக நிற்கும். தசை சிதைவதால் சி.பி.கே. என்னும் தசை நொதியின் அளவு கூடும். சிறுநீரகக் கோளாற்றைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தும் பொட்டாசியம் இயல்பாகவோ குறைவாகவோ இருப்பது இந்நோயின் தனிக் கையெழுத்து. பிற காரணங்களால் சிறுநீரகம் செயலிழக்கும்போது பொட்டாசியம் பொதுவாக ஏறும். இந்த அறிகுறிகள், தொழில் வரலாறு, ரத்த முடிவுகள் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் ஃபெய்ன் அளவுகோலின் திருத்திய வடிவம் இந்திய மருத்துவர்களிடையே புழக்கத்தில் இருக்கிறது. நன்றாகப் பழகியவர் மனத்தில் அந்தக் கூட்டல் தானாகவே நடந்துவிடும். புதியவருக்கு அந்தத் தாள் நல்ல துணை.

மஞ்சள்காமாலை என்றதும் மூன்று நாள் கீழாநெல்லியும் பத்தியமும் என்று ஒதுங்கிவிடுவது நம் வழக்கம். கீழாநெல்லியைப் பற்றி இங்கே வாதாட வரவில்லை. அந்த மூன்று நாட்களைப் பற்றித்தான் சொல்கிறேன். காய்ச்சலோடு கண் மஞ்சளாகிச் சிறுநீரும் குறைந்தவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

தமிழ்நாட்டில் இதே மழைக்காலத்தில், இதே முகத்தோடு வரும் இன்னொரு நோயை விட்டுவிட்டு இந்தப் பதிலை முடிக்க முடியாது. ஸ்க்ரப் டைபஸ் என்பதைப் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. உண்மையில் அதைப் பரப்புவது மாட்டில் ஒட்டியிருக்கும் உண்ணி அன்று. எலிகளின் மேல் வாழும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிலந்திப்பேனின் இளம்பூச்சி. அது கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளிக்கே தெரியாது. அக்குள், கவட்டி, மார்பின் கீழ்மடிப்பு, பாவாடை நாடா கட்டும் இடுப்பு, காதின் பின்புறம் என்று ஆடை மறைக்கும் இடங்களிலேயே அது பெரும்பாலும் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஐம்பது வயது அம்மா ஒருவருக்கு மூன்று நாள் செஃப்ட்ரையாக்சோன் என்னும் கிருமிக்கொல்லி ஊசி கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. அவரைத் துடைத்துவிட்ட செவிலிதான், "சார், இடுப்பில் ஒரு கறுப்புப் புண் இருக்கிறது" என்று வந்து சொன்னார். முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டிய புண் அது. வெட்கத்தால் அவர் காட்டவில்லை. அவசரத்தால் நான் கேட்கவில்லை. டாக்ஸிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

மருந்து பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்குப் பென்சிலின், செஃப்ட்ரையாக்சோன், டாக்ஸிசைக்ளின் ஆகிய எல்லாமே வேலை செய்யும். ஸ்க்ரப் டைபஸுக்குப் பென்சிலினும் செஃப்ட்ரையாக்சோனும் வேலை செய்யா. இரண்டும் கலந்து உலவும் ஊரில், எது என்று தெரியாத கடுமையான காய்ச்சலுக்குச் செஃப்ட்ரையாக்சோனோடு டாக்ஸிசைக்ளினையும் முதல் நாளே சேர்ப்பதுதான் என் பழக்கம். பிறகு சோதனை முடிவு வந்ததும் தேவையற்றதை நிறுத்திக்கொள்ளலாம். கடுமையான ஸ்க்ரப் டைபஸ் என்று தெளிவானால் நிலைமை வேறு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கே இறப்போ, நீடித்த சிக்கலோ, விடாத காய்ச்சலோ இருந்தது. தனித்தனியாகக் கொடுத்தவர்களில் அது 47, 48 விழுக்காடாக இருந்தது. இறப்பு விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எலிக்காய்ச்சல் லேசாக இருந்து, சிறுநீர் நன்றாகப் போய், மூச்சிரைப்பும் மஞ்சளும் இல்லாவிட்டால், டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் மாலையும் 7 நாட்கள் போதும். அதை உணவுக்குப் பின், ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். கருவுற்ற பெண்களுக்கு அசித்ரோமைசினோ அமாக்சிசிலினோ கொடுப்பது வழக்கம். கடுமையான நோய்க்குப் பென்சிலின் 15 லட்சம் யூனிட் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது செஃப்ட்ரையாக்சோன் நாளுக்கு 1 கிராம், 7 நாட்கள். இவை இரண்டும் சமம் என்று 2003-இல் வெளியான தாய்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. நாளுக்கு ஒரே ஊசி என்பதால் செவிலியர் குறைந்த வார்டுகளில் செஃப்ட்ரையாக்சோனே வசதி. முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் நடுக்கமும் கடுங்காய்ச்சலும் வந்து ரத்த அழுத்தம் குறையக்கூடும். கிருமிகள் மொத்தமாகச் சாவதால் உடல் காட்டும் எதிர்வினை அது. ஒவ்வாமை என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடாமல், அருகில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடல்வலிக்காக டைக்ளோஃபெனாக் ஊசி போடும் பழக்கத்தை இங்கே அழுத்திக் கண்டிக்க வேண்டும். ஏற்கெனவே அடிவாங்கிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும். தட்டணு குறைந்தவருக்குத் தசையில் ஊசி குத்தினால் ரத்தமும் கட்டும். வலி எவ்வளவு இருந்தாலும் அளவான பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கடுமையான நிலையில் உயிரைக் காப்பது கிருமிக்கொல்லி மட்டுமன்று. முதலில் சிறுநீரை மணிக்கணக்கில் அளக்க வேண்டும். தொடக்கத்தில் பலருக்குச் சிறுநீர் நன்றாகவே போகும், ஆனால் பொட்டாசியம் ஒழுகிவிடும். அப்போது திரவத்தையும் பொட்டாசியத்தையும் ஈடுசெய்தால் சிறுநீரகம் பெரும்பாலும் தானாகவே மீளும். சிறுநீர் நின்றுபோனவருக்கு டயாலிசிஸைத் தள்ளிப்போடக் கூடாது. பிரேசிலிலிருந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், தாமதமாகத் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தபோது மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தார்கள். உடனே தொடங்கித் தினமும் செய்தபோது ஆறில் ஒருவர் என்று அது குறைந்தது. தம்பிக்கு இரண்டு முறையோடு போதுமாயிற்று என்றால், உரிய நேரத்தில் தொடங்கினார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நான் மிகவும் அஞ்சுவது நுரையீரலை. மஞ்சளோ சிறுநீரகப் பாதிப்போ இல்லாமலேகூட, காய்ச்சலின் நான்காம் ஐந்தாம் நாளில் லேசான இருமலும் சளியில் ஒரு நூலிழை ரத்தமுமாகத் தொடங்கி, ஒரே இரவில் இரண்டு நுரையீரலும் ரத்தத்தால் நிறைந்துவிடலாம். 1995-இல் நிகராகுவாவில் இப்படிப் பலர் இறந்த பிறகுதான் இந்த முகம் உலகின் கவனத்துக்கு வந்தது. நிமிடத்துக்கு 28, 30 என்று மூச்சு ஏறுவதே முதல் எச்சரிக்கை. எக்ஸ்ரேயில் வெண்திட்டுகள் தெரிவதற்கு முன்பே மூச்சை எண்ணிப் பார்த்தவருக்கு அது தெரிந்துவிடும். இவர்களை அங்கேயே வைத்துப் பார்க்காமல், வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு அப்போதே அனுப்ப வேண்டும். திரவத்தை அள்ளி ஊற்றுவதும் ஆபத்து. ஸ்டீராய்டு கொடுப்பவர்கள் உண்டு. அதற்கான சான்று உறுதியாக இல்லாததால் நான் அதை நம்பியிருப்பதில்லை.

இனி வீட்டாருக்கு மாத்திரை வேண்டுமா என்பது. இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக மிக அரிது. தம்பியைத் தொட்டதாலோ, அவர் தட்டில் சாப்பிட்டதாலோ யாருக்கும் வராது. ஆனால் அவரோடு அதே வயலில் இறங்கியவர்களுக்கு அதே தண்ணீர்தான் பட்டிருக்கிறது. அவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் போனதும் வாய்திறந்து சொல்லவேண்டிய முதல் வாக்கியம், "கூட வேலை செய்தவருக்கு எலிக்காய்ச்சல்" என்பது. தவிர்க்க முடியாமல் வெள்ளத்திலும் சேற்றிலும் நிற்பவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுக்கும் முறை உண்டு. பனாமாவில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர்கள் 940 பேரிடம் செய்து 1984-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தில்லாத மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கு வந்தது. 2018 வெள்ளத்தின்போது கேரளம் இதைப் பெருமளவில் விநியோகித்தது. இலங்கையில் நெற்பயிர் செய்வோருக்கு இம்மாத்திரையைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதுவும் மருத்துவரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேட்டுத்தான். கடையில் வாங்கி ஆண்டு முழுக்க விழுங்குவதற்கில்லை. காலில் புண்ணோடு சேற்றில் இறங்காமல் இருப்பதும், வாய்க்கும்போது ரப்பர் காலணி அணிவதும், வேலை முடிந்ததும் சோப்பால் கழுவுவதும் உதவும். நடவுச் சேற்றில் ரப்பர் காலணியோடு நடந்து பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு எளிதில் சொல்லக்கூடிய அறிவுரை என்பது தெரியும்.

தம்பியைப் பொறுத்தவரை, பிழைத்தவர்களின் சிறுநீரகம் பெரும்பாலும் சில வாரங்களில் இயல்புக்குத் திரும்பிவிடும். கிரியேட்டினினை மாதம் ஒருமுறையாவது பார்த்துவரட்டும். இயல்புக்கு வந்தபின் நிறுத்திக்கொள்ளலாம். களைப்பும் கால்வலியும் சிறிது காலம் நீடித்தால் பயப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: காய்ச்சல் விட்ட சில வாரங்களிலோ மாதங்கள் கழித்தோகூட, சிலருக்குக் கண்ணின் உள்ளே அழற்சி வருவதுண்டு. கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கலாகத் தெரிந்தால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடாமல் கண் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். இந்த ஆண்டு எலிக்காய்ச்சல் வந்தது என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.